ஓடுறதை எதுக்கு மாத்தணும்?

இது கொஞ்சம் நீளமான பதிவு. பிறந்தநாள் வாழ்த்துக்குப் பதில் போடுகிற மாதிரி பெருவிரலை மட்டும் தட்டிவிட்டுப் போகாமல் கடைசிவரை படியுங்கள். கடலுக்குப் போகிறவர்களும், கடலுக்குப் போகிறவர்களை வீட்டில் வைத்திருப்பவர்களும் கட்டாயம் படிக்க வேண்டும்.

போன மாதம் என் தம்பி மகனுடைய ஃபைபர் வள்ளம் நடுக்கடலில் நின்றுபோனது உங்களில் பலருக்குத் தெரியும். அதற்குப் பிறகு ஊரில் நடக்கிற பேச்சும் தெரியும். "மெக்கானிக் சரியா வேலை பாக்கல, அதான் இன்ஜின் போச்சு" என்று ஒரு கட்சி. "வள்ளக்காரன் இன்ஜினை வதைச்சான், அதான் போச்சு" என்று இன்னொரு கட்சி. ஒருவன் என் ரத்தம். இன்னொருவன் ஐந்தாம் வகுப்பில் என் மேசைக்கு நேர் எதிரே உட்கார்ந்து படித்த பிள்ளை. இருவரும் இப்போது பேசிக்கொள்வதில்லை. நேற்று ஒரு ஞானஸ்நான வீட்டில் ஒருவன் வந்ததும் மற்றவன் சாப்பாட்டுப் பந்தியிலிருந்து எழுந்து போனான். அதைப் பார்த்த பிறகுதான் எழுத உட்கார்ந்தேன். தம்பி மகனிடமும் மெக்கானிக்கிடமும் கேட்டு, இருவரும் சரி சொன்ன பிறகே எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தப்பு மெக்கானிக்குடையது இல்லை. முழுக்க என் தம்பி மகனுடையதும் இல்லை. "ஓடுறதை எதுக்கு மாத்தணும்?" என்று நாம் எல்லோரும் சொல்கிறோமே, அந்த வார்த்தைதான் குற்றவாளி. அந்த வார்த்தையை இந்த விஷயத்தில் சொன்னது நான்.

ஏப்ரல் மாதம் அவன் எனக்கு போன் செய்தான். "அத்தை, மெக்கானிக் இன்ஜினைப் பாத்துட்டு ஒரு சீட்டு எழுதித் தந்திருக்கான். ஆயில், ஃபில்டர், இம்பெல்லர்னு போட்டிருக்கு. கையில காசு கொஞ்சம் கம்மியா இருக்கு" என்றான். அந்த இன்ஜின் வாங்கும்போது என் ஓய்வூதியப் பணத்தில் கொஞ்சம் கொடுத்திருந்தேன். அந்த உரிமையில் கேட்டேன்: "இம்பெல்லர்னா என்னல? அது கெட்டுப் போச்சா?" "இல்ல அத்தை, ஓடிட்டுத்தான் இருக்கு." "ஓடுறதை எதுக்கு மாத்தணும்? ஆயிலை மட்டும் மாத்து, மத்தத பிறகு பாத்துக்கிடலாம்" என்றேன். இம்பெல்லர் என்றால் என்னவென்றே தெரியாமல் தீர்ப்புச் சொன்னேன். 34 வருடம் டீச்சராக இருந்தவளுக்குத் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

அந்தச் சீட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. மூன்றாவது வரியில் "இம்பெல்லர் மாத்தணும், பேப்பர் கேஸ்கெட் சேத்து 1,100" என்று அந்தப் பிள்ளையின் கையெழுத்தில் தெளிவாக இருக்கிறது. 'ற'கரம் போட வேண்டிய இடத்தில் 'த'கரம் போட்டிருக்கிறான், அது வேறு விஷயம். எச்சரிக்கையில் பிழை இல்லை.

இனி, இம்பெல்லர் என்றால் என்ன என்று பார்ப்போம். நான் இப்போதுதான் படித்தேன். படித்ததைச் சொல்லிக் கொடுக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

இன்ஜின் ஓடினால் சூடாகும். லாரிக்கு முன்னால் ரேடியேட்டரில் காற்று அடிக்கும். வள்ளத்துக்குள் மூடிக் கிடக்கிற இன்ஜினுக்கு அந்தக் காற்று கிடையாது. ஆனால் சுற்றிலும் கடல் இருக்கிறது. அந்தக் கடல் தண்ணீரை உறிஞ்சி, கூலர் வழியாக ஓடவிட்டு, சூட்டை வாங்கிக்கொண்டு புகைக்குழாய் வழியே வெளியே துப்புவதற்கு ஒரு பம்ப் உண்டு. அந்தப் பம்ப்புக்குள் சுற்றுகிற ரப்பர் சக்கரம்தான் இம்பெல்லர். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். நடுவில் ஒரு குடம், அதைச் சுற்றி பூவிதழ் மாதிரி ரப்பர் இறக்கைகள். எங்கள் வள்ளத்தில் இருப்பதற்கு ஆறு இறக்கை.

அது எப்படித் தண்ணீர் இழுக்கிறது என்பதுதான் அழகு. பம்ப்பின் உள்சுவர் முழு வட்டம் இல்லை. ஒரு பக்கம் சுவர் கொஞ்சம் மேடாக உள்ளே தள்ளிக்கொண்டிருக்கும். சுற்றி வருகிற இறக்கை அந்த மேட்டில் ஏறும்போது மடங்கும். இறக்கைகளுக்கு நடுவே இடம் குறையும், அங்கிருந்த தண்ணீர் வெளியே பிதுங்கும். மேடு தாண்டியதும் இறக்கை நிமிரும், இடம் பெரிதாகும், புதுத் தண்ணீர் உள்ளே உறிஞ்சப்படும். மடங்கு, நிமிர், மடங்கு, நிமிர். ஒரு நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை ஒவ்வொரு இறக்கையும் இப்படிச் செய்கிறது. நம் காலில் போடுகிற ரப்பர் செருப்பு எத்தனை தடவை மடங்கினால் வார் அறுகிறது? அதை நினைத்துப் பாருங்கள். இம்பெல்லர் தேய்வதற்கென்றே செய்த பொருள். கரும்பலகை தேயக்கூடாது, சாக்பீஸ் தேயத்தான் வேண்டும். இது சாக்பீஸ்.

இன்னொரு செய்தி. அந்த ரப்பருக்கும் பித்தளைச் சுவருக்கும் நடுவில் வழுவழுப்புக்கு இருப்பது அது இழுக்கிற தண்ணீர்தான். தண்ணீர் இல்லாமல் ஓடினால் ரப்பர் சுவரில் உரசிச் சூடாகிக் கருகும். அதற்கு மணிக்கணக்கு வேண்டாம், ஒரு நிமிடம்கூட அதிகம்.

இங்கேதான் நம் கரையின் கதை வருகிறது. வள்ளத்தைக் கரையில் ஏற்றி வைத்துவிட்டு, "ஸ்டார்ட் ஆகுதான்னு பாப்போம்" என்று சும்மா ஒரு நிமிடம் இன்ஜினை ஓட்டிப் பார்க்கிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. தண்ணீர் எடுக்கிற வாய் காற்றில் இருக்கும். இன்ஜின் நன்றாகத்தான் சத்தம் போடும். உள்ளே இம்பெல்லர் செத்துக்கொண்டிருக்கும். தம்பி மகனும் இரண்டு மூன்று தடவை அப்படி ஓட்டியதாக என்னிடம் ஒத்துக்கொண்டான். அதோடு, கரையோரம் மணல் கலங்கிய தண்ணீரை இழுப்பது, வாயில் பிளாஸ்டிக் பை ஒட்டிக்கொள்வது, வேலையில்லாத நாட்களில் வாரக்கணக்கில் இறக்கை மடங்கியபடியே கிடந்து அப்படியே கூன் விழுவது, எல்லாம் சேர்ந்துதான் அதன் ஆயுளைக் குறைக்கின்றன.

அன்று இரவு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வள்ளத்தில் நான்கு பேர். மணப்பாட்டுக்குக் கிழக்கே வலை போட்டிருக்கிறார்கள். புகைக்குழாயில் தண்ணீர் குறைந்து ஆவி வருவதை ஒரு பையன் பார்த்துச் சொல்லியிருக்கிறான். சூடு காட்டுகிற மீட்டரின் வயர் அறுந்து மாதக்கணக்காகிறது. "வலையை வாங்கிட்டுப் பாப்போம்" என்று இன்னும் அரை மணி நேரம் ஓட்டியிருக்கிறார்கள். ரப்பர் கருகிய வாடை வந்தது, பிறகு இன்ஜின் நின்றது. கச்சான் காற்று பலமாக இருந்த ராத்திரி. கச்சான் கரையிலிருந்து கடலைப் பார்த்துத் தள்ளும். நங்கூரம் பிடிக்கவில்லை, போனில் சிக்னல் இல்லை. ஏழு மணி நேரம் மிதந்துகொண்டே போயிருக்கிறார்கள். இன்னும் கிழக்கே 1976 ஒப்பந்தத்தில் வகுத்த கடல் எல்லை இருக்கிறது. எல்லை தாண்டினால் என்ன ஆகும் என்று நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை. விடியும்போது பக்கத்து ஊர் வள்ளம் ஒன்று பார்த்துக் கயிறு கட்டி இழுத்து வந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

அந்த ஏழு மணி நேரமும் நான் தம்பி வீட்டுத் திண்ணையில் அவன் மனைவியோடு உட்கார்ந்திருந்தேன். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. "ஓடுறதை எதுக்கு மாத்தணும்" என்று நான் போனில் சொன்னது அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

மெக்கானிக் வந்து பம்ப்பைத் திறந்தான். ஆறு இறக்கையில் நான்குதான் இருந்தது. "மிச்சம் ரெண்டு எங்க டீச்சர்?" என்று என்னிடமே கேட்டான், கணக்குப் பரீட்சை மாதிரி. தேடி, கூலரின் வாயில் இருந்து ரப்பர்த் துண்டுகளாக எடுத்துக் காட்டினான். இம்பெல்லர் உடைந்தது பாதி வினை. உடைந்த துண்டு போய் வழியை அடைத்தது மீதி வினை. ஹெட் கேஸ்கெட், பிஸ்டன், லேத் வேலை, கூலி எல்லாம் சேர்த்து 62,000 ரூபாய் ஆனது. தொழில் இல்லாமல் போன நாட்கள் தனி.

கணக்கைப் போடுங்கள். 62,000-ஐ 1,100 ஆல் வகுத்தால் 56 வருகிறது. ஐம்பத்தாறு இம்பெல்லர் வாங்கியிருக்கலாம்.

"வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தினாப் போதும்னு புஸ்தகத்துல போட்டிருக்கே" என்று சிலர் சொல்கிறார்கள். பல கையேடுகளில் அப்படித்தான் இருக்கிறது, சிலவற்றில் இத்தனை மணி நேரம் என்றும் இருக்கும். பெரும்பாலும் 200, 300 மணி என்கிற கணக்கு. லீவு நாளில் உல்லாசமாகப் படகு ஓட்டுகிறவனுக்கு அந்த 200 மணி ஒரு வருடத்தில்கூட ஓடாது. நம் பிள்ளைகள் ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம், மாதம் 25 நாள் ஓட்டுகிறார்கள். மாதத்துக்கு 150 மணி. 300 மணி என்பது இரண்டே மாதம். புத்தகத்தில் 'வருடம்' என்ற சொல்லை மட்டும் படித்துவிட்டு 'மணி' என்பதைப் படிக்காமல் விட்டால், பாதிக் கேள்விக்குப் பதில் எழுதின மாதிரிதான். ஆகவே என் யோசனை: இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை திறந்து பாருங்கள். ஒரு இறக்கையின் அடியில் மயிரிழை விரிசல் இருந்தாலும் மாற்றுங்கள். ஒவ்வொரு தடவையும் மாற்றினால்கூட வருடத்துக்கு ஆறு, 6,600 ரூபாய். அந்த 62,000-க்கு ஒன்பது வருட இம்பெல்லர்.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. விசைப்படகுகளுக்கு நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அப்போது படகைக் கரையேற்றி, பெயிண்ட் அடித்து, இன்ஜினைப் பிரித்துப் பார்க்க அவர்களுக்கு ஒரு பருவம் கிடைக்கிறது. நாட்டுப்படகுக்கும் வள்ளத்துக்கும் அந்தத் தடை இல்லை. அது மட்டுமல்ல, அந்த இரண்டு மாதம்தான் நம் மீனுக்கு நல்ல விலை. அதனால் யாரும் நிறுத்துவதில்லை. சலுகை மாதிரித் தெரிவது இன்ஜினுக்குத் தண்டனை. பள்ளிக்கூடத்துக்கே கோடை விடுமுறை உண்டு, நம் வள்ளத்து இன்ஜினுக்கு இல்லை. ஊரே கடலுக்குப் போகாத ஞாயிற்றுக்கிழமைதான் அதற்கு மிச்சம். பூசை முடிந்து அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

போன ஞாயிறு மெக்கானிக் பக்கத்தில் நிற்க, என் கையாலேயே மாற்றினேன். 66 வயதில், சேலை முந்தியை இடுப்பில் செருகிக்கொண்டு. 40 நிமிடம் ஆனது. அவனுக்குப் பத்து நிமிடம்தான் ஆகுமாம். பாடக்குறிப்பு எழுதுகிற பழக்கத்தில் எழுதி வைத்ததை அப்படியே தருகிறேன்.

1. இன்ஜினை ஆறவிட்டு, சாவியை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளவும். கடல் தண்ணீர் வரும் வால்வை மூடவும். மூடாமல் திறந்தால் கடல் உள்ளே வரும்.

2. பம்ப் மூடியின் திருகுகளைக் கழற்றி ஒரு சிரட்டையில் போடவும். ஒன்று தவறி விழுந்தால் இன்ஜின் அடியில் தேடவே அரை நாள் போகும்.

3. இறக்கைகள் எந்தப் பக்கம் மடங்கியிருக்கின்றன என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளவும்.

4. இம்பெல்லரை நேராக வெளியே இழுக்கவும். அதற்கென்று புல்லர் உண்டு. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் பித்தளையில் கீறல் விழும், பிறகு புது இம்பெல்லரும் சரியாக இழுக்காது.

5. இறக்கைகளை எண்ணவும். ஒரு துண்டு குறைந்தாலும் அதைக் கண்டுபிடிக்காமல் மூடக்கூடாது.

6. மூடியின் உள்பக்கம் விரலால் தடவிப் பார்க்கவும். பள்ளம் தட்டினால் மூடியும் தேய்ந்துவிட்டது. பம்ப்பின் அடியில் சின்ன ஓட்டையிலிருந்து தண்ணீர் சொட்டினால் உள்ளே சீல் போய்விட்டது, அதை மெக்கானிக்கிடம் காட்டவும்.

7. புது இம்பெல்லரில் பாத்திரம் கழுவுகிற திரவ சோப்பு அல்லது கிளிசரின் தடவவும். கிரீஸ் தடவாதீர்கள், அது ரப்பரைக் கெடுக்கும். தண்ணீர் வருகிறவரை முதல் சில விநாடிகளுக்கு அந்தச் சோப்புதான் காவல்.

8. இன்ஜின் சுற்றுகிற பக்கமாகத் திருகியபடியே உள்ளே தள்ளவும். புதுப் பேப்பர் கேஸ்கெட் போட்டு, திருகுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கவும்.

9. வள்ளம் தண்ணீரில் இருக்கும்போது, வால்வைத் திறந்த பிறகு ஸ்டார்ட் செய்யவும். புகைக்குழாயில் அரை நிமிடத்துக்குள் தண்ணீர் துப்ப வேண்டும். துப்பாவிட்டால் உடனே நிறுத்தவும்.

வெளியே மாட்டுகிற அவுட்போர்டு இன்ஜின் வைத்திருப்பவர்களுக்கு: உங்கள் இம்பெல்லர் காலுக்குள், கியர் பெட்டிக்கு மேலே இருக்கிறது. காலைக் கழற்றித்தான் மாற்ற முடியும். அதை முதல் தடவை மெக்கானிக்கோடு சேர்ந்து செய்யுங்கள். ஆனால் பக்கவாட்டில் நூல் மாதிரி பீய்ச்சுகிற தண்ணீரைத் தினமும் பார்ப்பதற்கு மெக்கானிக் தேவையில்லை.

என் கருத்துக்கு மறுப்புகள் வந்திருக்கின்றன. "அடிக்கடி கழட்டினா மரை போயிரும்" என்று என் சித்தப்பா மகன் சொன்னான். நியாயம்தான். பித்தளை மரை மென்மையானது, அளவில்லாத ஸ்க்ரூ டிரைவரும் கைவலுவும் சேர்ந்தால் போய்விடும். அதற்கு மருந்து திறக்காமல் இருப்பது இல்லை, சரியான கருவியோடு பதமாகத் திறப்பது. "எல்லாத்தையும் நாமளே பண்ணினா மெக்கானிக் பிழைப்பு என்னாகும்?" என்று இன்னொரு கேள்வி. அதை அவனிடமே கேட்டேன். "டீச்சர், இந்த வேலைல எனக்கு என்ன காசு வருது? ராத்திரி ரெண்டு மணிக்கு போன் வராம இருந்தாப் போதும்" என்றான்.

காசு விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். டீசலும் ஐஸும் பொதுச் செலவு, பங்கு பிரிக்கும் முன்னே கழித்துவிடுகிறோம். ஸ்பேர் என்றால் வள்ளக்காரன் தலையில் விழுகிறது. அதனால்தான் அவன் தள்ளிப் போடுகிறான். இம்பெல்லரை டீசல் கணக்கில் சேருங்கள் என்பது என் வாதம். தேய்ந்து தீர்வது அதுவும்தான். இன்ஜின் நின்றால் மிதப்பது வள்ளக்காரன் மட்டுமா? நான்கு பேருமல்லவா மிதந்தார்கள்? ஒரு புது இம்பெல்லரும், கேஸ்கெட்டும், அளவான ஸ்க்ரூ டிரைவரும் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு எப்போதும் வள்ளத்தில் இருக்கட்டும். ஆவி வந்த உடனே நிறுத்தியிருந்து, அந்த டப்பாவும் இருந்திருந்தால், அன்று ராத்திரி அரை மணி நேர வேலை. கடலோரக் காவல்படையின் 1554 எண்ணையும் அந்த டப்பாவின் மூடியில் எழுதி வையுங்கள். அது சிக்னல் இருக்கிற இடத்தில்தான் உதவும் என்பதையும் மறக்காதீர்கள்.

என் பங்குக்கு ஒரு குறையை ஒத்துக்கொள்கிறேன். நெம்புகோல், கப்பி, சாய்தளம் என்று எத்தனை வருடம் படம் வரைந்து பாகம் குறிக்க வைத்திருப்பேன்! பள்ளிக்கூடத்து ஜன்னலில் இருந்து பார்த்தால் வள்ளம் தெரியும். ஒரு நாள்கூட உங்களைக் கூட்டிப்போய் ஓர் இன்ஜினைக் காட்டியதில்லை. அதில் இருந்த பாடம் எனக்கே தெரியாது. பரீட்சையில் வராததைப் பாடமாக நான் நினைக்கவில்லை.

இப்போது ஒரு வீட்டுப்பாடம். எனக்குத் தெரிந்த ஒரே கருவி வருகைப் பதிவேடு. யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று தினமும் எழுதினால்தான் ஒரு பிள்ளை நின்றுபோவது முன்கூட்டியே தெரியும். இன்ஜினுக்கும் ஒரு 40 பக்க நோட்டு போடுங்கள். தேதி, ஓடிய மணி, புகைக்குழாயில் தண்ணீர் சரியா, இம்பெல்லர் பார்த்த நாள், எத்தனை இறக்கை, பார்த்தவர் கையெழுத்து. வீட்டில் இருக்கிற பெண்களும் அந்த நோட்டைப் பார்க்க வேண்டும். பால் கணக்கு எழுதத் தெரிந்த நமக்கு இது ஒன்றும் பெரிதில்லை. வளைகுடாவில் படகு வேலை பார்க்கிற என் மாணவர்கள் நாலைந்து பேர் இருக்கிறீர்கள். நீங்கள் செய்கிற முறையைத் தமிழில் பேசி ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்கள், எல்லோருக்கும் காட்டுகிறேன்.

கடைசியாக, தம்பி மகனுக்கு. இதை நீ படிப்பாய் என்று தெரியும். அவன் சீட்டு எழுதித் தந்தான். நீ என்னிடம் கேட்டாய். நான் வேண்டாம் என்றேன். ஊரில் அவன் பேர் கெடுவதற்குப் பதில் என் பேர் கெடட்டும். நாளை மறுநாள் ஞாயிறு. பூசை முடிந்து கரைக்கு வா, அவனையும் வரச் சொல்லியிருக்கிறேன். நோட்டு வாங்கி, கோடு போட்டு வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் நீங்கள் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்